வெறுங்கால் சாக்ஸ்

காலை எட்டேகாலிலிருந்து எட்டேமுக்கால் வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். எட்டேமுக்காலுக்கு மணி அடித்துவிட்டால் அவரை ஒரு பயலும் மதிக்கமாட்டான். ஆசிரியர்கள் அறையில் அவருக்கென்று நாற்காலிகூடக் கிடையாது. பந்து மூட்டைக்கும் உடைந்த கரும்பலகைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் உண்டு. ஆனால் அந்த அரைமணி நேரம் வாசல் கதவில் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டு, மறுபக்கத்தில் மடித்த வெள்ளைக் கைக்குட்டையோடு நிற்பார். வரிசையில் வரும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் வலது காலை நீட்ட வேண்டும், அப்புறம் இடது கால். ஷூவின் மூக்கைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுப்பார். துணியில் தூசி ஒட்டினால் பாலிஷ் போடவில்லை. கறுப்பு ஒட்டினால் போட்ட பாலிஷைத் தேய்க்கவில்லை. இரண்டும் ஒட்டாமல் தப்பிப்பது எப்படி என்று ஷூ செய்தவனுக்கே தெரியாது.

பிள்ளைகள் அவருக்கு 'கர்சீப்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாரே தவிர, உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கும். பட்டப்பெயர் வைக்கும் அளவுக்குப் பயப்படுகிறார்களே!

அந்தப் பள்ளியில் பிரம்படி கிடையாது. அதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று பிரின்சிபால் அம்மா ஒழித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சிவப்பு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். உடுப்பில் குற்றம் இருந்தால் டிரில் மாஸ்டர் அதில் பேரை எழுதுவார். ஒரு தடவை ஏறினால் காலைக் கூட்டத்தில் மைக்கில் வாசிப்பார்கள். இரண்டாவது தடவை வீட்டுக்குக் கடிதம். மூன்றாவது தடவை பள்ளியை விட்டே நீக்கம். வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கி, பிரின்சிபால் அறையில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அந்த வரி நோட்டிலிருந்து மாயமாகிவிடும். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அவர்களைச் சேர்த்துக்கொண்டதே சலுகை, சலுகையில் வந்ததுகள் இரண்டு மடங்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது பிரின்சிபால் அம்மாவின் கட்சி.

டிரில் மாஸ்டரின் ஒரே மகள் அந்தச் சலுகையில்தான் ஆறாம் வகுப்புப் படித்தாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பேர். ஓடுவாள். ஓடுவதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று கணக்கு டீச்சர் சொல்வார். அது ஒன்று போதாதா என்று டிரில் மாஸ்டர் மனசுக்குள் கேட்டுக்கொள்வார். கோடு போட்ட ஓட்டமைதானம் அந்தப் பக்கத்தில் அந்த ஒரு பள்ளியில்தான் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளி உண்டு. அங்கே மைதானம் என்று காட்டுவது சைக்கிள் நிறுத்துகிற இடம். அடுத்த வருஷம் வாலு ரிலே அணியில் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அப்பனுக்கும் மகளுக்கும் இருந்த ஆசை.

அந்த மகளின் பேரை அவரே ஒரு தடவை சிவப்பு நோட்டில் எழுதியிருந்தார். ஓடி ஓடி அவள் ஷூவின் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. வரிசையில் அவளுக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். விட்டுவிட்டால் நாளைக்கு எவன் பயப்படுவான்? எழுதினார். மறுநாள் காலைக் கூட்டத்தில் பிரின்சிபால் அம்மா, "சொந்த மகள் என்றும் பாராமல் எழுதிய கை" என்று மைக்கிலேயே புகழ்ந்தார். மாஸ்டர் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காயத்துக்கு மருந்து போடுகிற வேகத்தில்தான் பேசவும் செய்வாள்.

"அந்த ஷூ பிஞ்சது முந்தின நாளே உங்களுக்குத் தெரியும். வாங்கிக் குடுக்கத் தோணல, எழுத மட்டும் தோணுச்சா?"

"நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். அதுக்கும் ஒரு ஜோடி ஷூ வாங்குங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிரின்சிபால் அம்மா வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போய்விட்டு வந்தார். அங்கே ஏதோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் எல்லாரும் வெறுங்காலோடு திரிந்தார்களாம். யாரும் சத்தம் போடவில்லையாம், யாரும் யாரையும் அடிக்கவில்லையாம். வந்த மறுநாளே சுற்றறிக்கை பறந்தது. "திங்கள்கிழமை முதல் மாணவர்கள் வளாகத்துக்குள் வெறுங்காலோடு இருக்க வேண்டும். வெறுங்கால் கவனத்தைக் கூட்டும், பணிவை வளர்க்கும், ஏற்றத்தாழ்வை ஒழிக்கும்." போன வருஷ ஆண்டு விழாவில் இதே அம்மா இதே மேடையில் நின்று, ஷூதான் ஒழுக்கத்துக்கு அஸ்திவாரம் என்று அரைமணி நேரம் முழங்கியதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்துகிறவர்களுக்கு அங்கே வேலை நிலைப்பதில்லை. சுற்றறிக்கையில் மாணவர்கள் என்றுதான் இருந்தது, அதனால் பிரின்சிபால் அம்மா குதிகால் உயர்ந்த செருப்பு டக்டக்கென்று ஒலிக்க வகுப்பு வகுப்பாகப் போய் வெறுங்காலின் மகிமையைச் சொல்லிவிட்டு வந்தார்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாஸ்டருக்குத்தான் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. பழக்கதோஷத்தில் காலையில் வாசலுக்குப் போய் நிற்பார். பிள்ளைகள் நீட்ட ஷூ இல்லாமல் அவரைத் தாண்டித் திமுதிமுவென்று ஓடும். ஒருத்தன் "குட்மார்னிங் கர்சீப் சார்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் மைதானத்தில்தான். வாலு முதல் தடவையாக வெறுங்காலோடு நூறு மீட்டர் ஓடினாள். ஸ்டாப்வாட்சைப் பார்த்தவர், அது கெட்டுப்போய்விட்டதோ என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை ஓடச் சொன்னார். வாட்ச் நன்றாகத்தான் இருந்தது. பெண் பறந்திருக்கிறாள்! யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதே கைக்குட்டையால்.

ஆனால் ஷூ மூடி வைத்திருந்தவரை முந்நூறு ஜோடிக் கால்களும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. கழற்றியதும்தான் வினை வந்தது. காரில் வருகிற கால், பஸ்ஸில் மிதிபடுகிற கால், இரண்டு மைல் நடந்து வருகிற கால், வீட்டில் தண்ணீர்க்குடம் சுமக்கிற கால் எல்லாம் பெஞ்சுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஒரு அம்மா நேரே பிரின்சிபால் அறைக்கே வந்துவிட்டார்.

"என் பொண்ணு பக்கத்துல உக்கார்ற பையனோட குதிகாலைப் பாத்தீங்களா மேடம்? எங்க வீட்டுச் சுவர்கூட அப்படி வெடிச்சதில்ல. பாத்துட்டு அவ ராத்திரி சாப்பிடவே இல்ல."

ஏற்றத்தாழ்வை ஒழிக்க வந்த சுற்றறிக்கைக்கு ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது. கால்கள் சுத்தமாக இருக்க வேண்டும். வாசலில் சோதனை நடக்கும். குற்றம் கண்டால் சிவப்பு நோட்டு. டிரில் மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கைக்குட்டையைப் புதிதாக நான்கு வாங்கினார். இப்போது ஷூவின் மூக்குக்குப் பதிலாகக் குதிகாலில் ஒரு இழுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குக் கூச்சம் தாங்காது. நெளிந்து சிரித்து அவர் தோள் மேலேயே சாயும். சிரித்ததற்கு என்ன தண்டனை என்று சுற்றறிக்கையில் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

இதிலும் ஒரு சங்கதி இருந்தது. நடந்து வருகிற பிள்ளைகள் தெருவோரத் தட்டில் செருப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வர வேண்டும். தட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் பத்தடி செம்மண். கழுவித் துடைத்த காலாக இருந்தாலும் அந்தப் பத்தடியில் பவுடர் பூசிக்கொண்டுதான் வரும். காரில் வருகிற பிள்ளைகளை டிரைவர்கள் வாசற்படியிலேயே இறக்கிவிடுவார்கள். அதனால் நோட்டில் ஏறியதெல்லாம் நடக்கிற கால்களாகவே இருந்தன. டிரில் மாஸ்டர் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தார், கவனிப்பது அவர் வேலையில்லை என்று விட்டுவிட்டார்.

அப்படித்தான் ஒரு நாள் வாலுவின் குதிகாலிலும் கைக்குட்டை சிவந்தது.

"சார், இந்த மண்ணு மேல பறந்தா வர முடியும்?" என்றாள். பள்ளிக்குள் அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு.

அவர் தலையை நிமிர்த்தினார். மாடி ஜன்னலில் பிரின்சிபால் அம்மா காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கீழே பார்த்தாரா, வானத்தைப் பார்த்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். டிரில் மாஸ்டர் எழுதிவிட்டார். இரண்டாவது தடவை என்பதால் கடிதம் அவர் வீட்டு விலாசத்துக்கே போனது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, அவரே பெற்றோர் என்ற இடத்தில் வருத்தம் தெரிவித்துத் திருப்பி அனுப்பினார்.

இந்த நிலைமையில்தான் வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது. அந்த வெறுங்கால் பள்ளியின் தலைமையாசிரியை நேரில் வந்து பார்க்கப்போகிறாராம். பிரின்சிபால் அம்மா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். காலைக் கூட்டத்தில் மேடையிலிருந்து முந்நூறு ஜோடிக் கால்களையும் ஒரு பார்வை பார்த்தார். கறுப்பு, மாநிறம், புண், தழும்பு, நகப்பூச்சு, கட்டுப்போட்ட பெருவிரல்.

"ஒரு யூனிஃபார்மே இல்லையே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்து இறங்கியது. கால் நிற சாக்ஸ். விரல் விரலாகப் பிரித்துத் தைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறுங்கால் மாதிரியே இருக்க வேண்டும் என்று நகம்கூட லேசாக வரைந்திருந்தார்கள். எல்லாம் வெளுத்த ரோஸ் நிறம், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சு மாதிரி. அறிவியல் டீச்சர் கொஞ்சம் துணிச்சல்காரி.

"மேடம், இது எந்தக் காலோட நிறம்?"

"பாக்கெட்லயே போட்டிருக்கே டீச்சர், படிக்கலையா? கால் நிறம்."

சுற்றறிக்கை வந்தது. "விருந்தினர் வருகையன்று அனைத்து மாணவர்களும் வெறுங்கால் சாக்ஸ் அணிந்து வெறுங்காலோடு வர வேண்டும். தவறுவோர் பெயர் சிவப்பு நோட்டில் ஏறும்." டிரில் மாஸ்டர் இரண்டு தடவை படித்தார். முதல் வாக்கியம் இரண்டு தடவையும் புரியவில்லை. இரண்டாவது வாக்கியம் நன்றாகப் புரிந்தது. வாலு தவறினால் அது மூன்றாவது தடவை.

அன்று சாயங்காலம் வாலு அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தாள். கறுத்த முழங்கால், கறுத்த கெண்டைக்கால், அதற்குக் கீழே யாரோ கழற்றிக் கொடுத்த மாதிரி இரண்டு வெளுத்த பாதம்.

"அப்பா, இது யாரோட கால்?"

அம்மாக்காரி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். "எங்க வார்டுல தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்புற மாதிரியே இருக்குடி."

"ஒரு நாள்தானம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக்க," என்றார் டிரில் மாஸ்டர்.

"போட்டுக்கலாம்ப்பா. ஆனா ஓட முடியாது. வழுக்குது பாருங்க." கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை சறுக்கிக் காட்டினாள். விருந்தினருக்காக வெறுங்கால் ஓட்டப்பந்தயம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அதில் ஜெயிக்கிறவர் ரிலே அணியில் சேர்ந்த மாதிரி. "ஓடறப்ப மட்டும் கழட்டிக்கட்டுமா?"

"வாயை மூடு. கழட்டினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"எழுதுறது நீங்கதானே?" என்றாள் அவள். அவள் கேட்டது கேள்வியே இல்லை, நம்பிக்கை. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

விருந்தாளி அம்மாளுக்கு அறுபது வயசுக்கு மேலிருக்கும். காரை விட்டு இறங்கியதுமே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பத்தடி மண்ணில் நிம்மதியாக நடந்து வந்தார். டிரில் மாஸ்டரின் கண் தன்னால் அந்த அம்மாளின் குதிகாலுக்குப் போனது. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற மாதிரி வெடிப்பு. நம் பள்ளியில் படித்திருந்தால் ஒரே வாரத்தில் நோட்டில் மூன்று தடவை ஏறியிருப்பார்.

அந்த அம்மாள் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். முகம் மாறியது. குனிந்து ஒரு பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டுப் பதற்றத்தோடு ஏதோ கேட்டார். அறிவியல் டீச்சர் கொஞ்சமும் சிரிக்காமல் மொழிபெயர்த்தார்.

"இந்தப் பிள்ளைகளோட கால்ல என்ன வியாதின்னு கேக்கறாங்க மேடம்."

"சுகாதாரம்னு சொல்லுங்க," என்றார் பிரின்சிபால் அம்மா, முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

பந்தயத்தை மைதானத்தில் வைத்தால் சாக்ஸ் அழுக்காகும் என்று, புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்றிருந்த சிமென்ட் தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். எட்டுப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். அப்போதுதான் வாலு குனிந்து சாக்ஸைக் கழற்றினாள். உருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

விசிலை ஊதாமல் நிறுத்தியிருக்கலாம். ஓடிப்போய் அவளை வரிசையிலிருந்து இழுத்திருக்கலாம். ஊதிவிட்டார். அந்த ஒரு விசிலைத்தான் அந்த மனிதர் தன் உத்தியோகத்தில் சொந்த ஆசைக்காக ஊதினார் என்று சொல்ல வேண்டும்.

மற்ற ஏழு பேரும் எடுத்த எடுப்பிலேயே சறுக்கினார்கள். ஒருத்தி உட்கார்ந்தபடியே பத்தடி போனாள். ஒரு பையன் நேராகச் சிற்றுண்டி மேஜைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தான். வாலு மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிற்கத் தோன்றாமல் மைதானத்து மண்ணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். விருந்தாளி அம்மாள் கைதட்டியபடியே அவள் முன்னால் மண்டியிட்டு, மண் படிந்த அந்த இரண்டு கால்களையும் காமிராவில் எடுத்துத் தள்ளினார். இவ்வளவு அழகான கால்களைத் தன் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை என்றாராம். டிரில் மாஸ்டருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. தன் பெண், தன் பெண் என்று கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை.

விருந்தாளியின் கார் முனை திரும்பியதும் பிரின்சிபால் அம்மாவின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. டிரில் மாஸ்டரை அறைக்குக் கூப்பிட்டார்.

"எழுதிட்டீங்களா?"

"மேடம்... விருந்தாளியே பாராட்டிட்டுப் போனாங்க. ஜெயிச்சிருக்கா."

"நான் ஒண்ணும் சொல்லல மாஸ்டர். உங்க இஷ்டம். ஆனா முந்நூறு பேர் பாத்துக்கிட்டிருந்தாங்க. அவளை விட்டா நாளைக்கு எல்லாரும் கழட்டுவாங்க. எல்லாரும் கழட்டிட்டா அப்புறம் வாசல்ல ஒரு ஆள் எதுக்கு?"

வாசல் இல்லாமல் தனக்கு என்ன இருக்கிறது என்று டிரில் மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். ஸ்டூல் இருந்தது. நோட்டைத் திறந்தார். பேர், வகுப்பு, குற்றம் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நிமிஷம் திணறிவிட்டு, 'வெறுங்காலோடு இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரின்சிபால் அம்மா வாங்கிப் பார்த்து, கையெழுத்து எப்போதும் போல அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

வீட்டில் வாலு அழவில்லை. சண்டை போடவுமில்லை. "எழுதிட்டீங்களாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் அந்த ரோஸ் நிற சாக்ஸையும் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுக் கை தொடைச்சுக்குங்க," என்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் எட்டேகாலுக்கு வாசலில் நின்றார்.

வாலுவை இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளியில் சேர்த்தார்கள். ஒரு மாதம் போயிருக்கும். விருந்தாளி அம்மாள் படங்களை அனுப்பி வைத்தார். பிரின்சிபால் அம்மா அதில் ஒன்றை எடுத்து, முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டு, இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலுக்கு மேலேயே மாட்டச் சொன்னார். 'எங்கள் பள்ளி. வெறுங்காலில் வேர்விடும் கல்வி. சேர்க்கை நடைபெறுகிறது.' அதற்குக் கீழே டிரில் மாஸ்டர் கைக்குட்டையோடு நின்று, சாக்ஸ் மாட்டிய கால்களை ஒவ்வொன்றாகச் சோதித்து உள்ளே அனுப்பினார். சாக்ஸ் இப்போது தினசரி உடுப்பாகிவிட்டிருந்தது. பெற்றோர்கள் அண்ணாந்து பார்த்து, எந்தப் பிள்ளையோட கால் சார் என்று கேட்பார்கள். தெரியாது என்பார்.

புதுப் பள்ளிக்குப் போகிற வழி அந்த வாசலைத் தாண்டித்தான். இத்தனை நாளும் வாலு எதிர்ப்பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தாள். செருப்புப் போட்டிருந்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. டிரில் மாஸ்டர் கைக்குட்டையைத் தாழ்த்தினார். ஏதாவது பேசமாட்டாளா என்று ஒரு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்த மனிதர்.

அவள் அண்ணாந்து அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் குதிகால்ல மண்ணு இருக்கு பாருங்க. எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். டிரில் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். மண் இருந்தது. அவர் கை சட்டைப்பையில் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தது.